கடன் வாங்கிய பீரியட்

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கால அட்டவணை தொங்கும். தமிழ்நாட்டில் அதைவிடத் தேர்ந்த புனைகதை இன்னும் எழுதப்படவில்லை. புதன்கிழமை ஆறாவது பீரியட் உடற்கல்வி என்றிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஓவியம் என்றிருக்கும். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் விரல் வைத்துக் காட்டலாம். அவர் வராத நாட்களில், அதாவது வருடத்தில் அனேகமாக எல்லா நாட்களிலும், நடப்பது இது:

“சார், போர்ஷன் முடியல. இன்னிக்கு உங்க பீரியட நான் எடுத்துக்கிறேன்.”

“எடுத்துக்கங்க மேடம்.”

பேச்சுவார்த்தை முடிந்தது. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகள் நோட்டைத் திறப்பார்கள். பி.டி. சார் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். இந்தக் கடனுக்குப் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, திருப்பித் தரும் தேதியும் கிடையாது. “மேடம், நூறு மீட்டர் ஓட்டம் இன்னும் பாக்கி இருக்கு, உங்க அல்ஜீப்ரா பீரியடக் கொடுங்க” என்று எந்த பி.டி. சாராவது ஒருநாள் கேட்டிருந்தால் மறுநாள் காலை அவர் மேசையில் மெமோ இருந்திருக்கும்.

கணக்கு டீச்சரைத் திட்டிப் பயனில்லை. தேர்ச்சி விகிதம் ஏன் இரண்டு சதவீதம் குறைந்தது என்று கூட்டம் போட்டு அவரைத்தான் நிற்க வைக்கிறார்கள். உங்கள் பள்ளியில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று எந்தக் கூட்டத்தில் யார் கேட்டார்கள்? எத்தனை பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை தூரிகையைக் கையால் தொட்டதில்லை என்று எந்தப் படிவத்தில் பத்தி இருக்கிறது? பத்தி இல்லாத விஷயம் அரசாங்கத்தின் கண்ணில் நடக்காத விஷயம்.

சரி, அந்த டீச்சரிடமே ஒரு கணக்குக் கொடுப்போம். வாரத்துக்கு உடற்கல்வி இரண்டு, ஓவியம் ஒன்று. வருடத்துக்கு நாற்பது வாரம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடம். ஒரு பிள்ளையிடமிருந்து வாங்கிய கடன் எவ்வளவு? 840 பீரியட். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்று வைத்தால் 105 முழு வேலை நாட்கள். பாதிதான் கடன் போனது என்று பெருந்தன்மையாகக் கழித்தாலும் ஐம்பது நாட்களுக்கு மேல் வருகிறது. நகைக்கடனுக்கு நோட்டீஸ் ஒட்டுகிற நாட்டில் இந்த வாராக்கடனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கலைக்கும் விளையாட்டுக்கும் என்ன உறவு என்ற கேள்வி வந்தால் அழகியல் படித்தவர்கள் கிரேக்கத்தில் தொடங்கி மூன்று மணி நேரம் பேசுவார்கள். அவ்வளவு சிரமம் வேண்டாம். நம் நாடாளுமன்றம் அதை 2009-லேயே தீர்த்துவைத்துவிட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளியில், கலைக்கல்விக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர். மொழிக்கு ஆசிரியர். பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் தையலுக்கும் வந்து போகிற ஆள். அதே பின்னிணைப்பு ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்றும் சொல்கிறது. திடல் முழுநேரமும் அங்கேதான் கிடக்கும்; அதில் இறக்கிவிடும் வாத்தியார்தான் அரைநாள்.

தமிழ்நாடு இந்தச் சட்டத்தை எவ்வளவு பக்தியோடு நிறைவேற்றியது என்று பாருங்கள். 2012-ல் அ.தி.மு.க. அரசு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி, இன்னும் சில. வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். மூன்று அரைநாளைக் கூட்டினால் ஒன்றரை நாள். ஆக ஒரு குழந்தைக்கு வாரத்தில் ஒன்றரை நாள் உடம்பு இருக்கும், கண் இருக்கும், காது இருக்கும். மிச்ச நாட்களில் அது வெறும் பதிவு எண்.

சம்பளம் ஏறவே இல்லையா என்றால், ஏறியது. நம் அரசுகள் கல் நெஞ்சம் கொண்டவை அல்ல. பன்னிரண்டு வருடம் கழித்து, 2024 வாக்கில், 12,500-ஐத் தொட்டது. ஆண்டுக்கணக்கில் மே மாதத்துக்குச் சம்பளமே கொடுத்ததில்லை. கோடை விடுமுறையில் ஓவிய ஆசிரியருக்குப் பசிக்காது, உடற்கல்வி ஆசிரியரின் வீட்டுக்காரர் வாடகை கேட்க மாட்டார் என்பது இரண்டு கழகங்களும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட அபூர்வமான கொள்கை. 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையின் 181-ஆவது வாக்குறுதி இவர்களைப் பணிநிரந்தரம் செய்வதாகச் சொன்னது. எண்ணைக்கூட மறக்காமல் வைத்திருப்பவர்கள் அந்த ஆசிரியர்கள் மட்டும்தான். சென்னைக்கு வருவார்கள், பள்ளிக்கல்வித் துறை வளாகத்தில் உட்காருவார்கள், போலீஸ் பிடித்து மாலைவரை கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து அனுப்பும். ஓவிய ஆசிரியர் எழுதிய பதாகை, இசை ஆசிரியர் எடுத்துக் கொடுக்கும் முழக்கம், உடற்கல்வி ஆசிரியர் ஒழுங்குபடுத்திய வரிசை. தமிழ்நாட்டில் கலையும் விளையாட்டும் தோளோடு தோள் நின்று ஒன்றுகலப்பதைக் காண விரும்புவோர் போலீஸ் வேனுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

சேர்ந்தவர்களில் நாலாயிரம் பேருக்கு மேல் வழியிலேயே உதிர்ந்துவிட்டார்கள். செத்தவர் உண்டு, ஓய்வு வயது வந்து வெறுங்கையோடு போனவர் உண்டு, இந்தக் காசுக்கு ஜவுளிக்கடையில் நிற்கலாம் என்று போனவர் உண்டு. அந்த இடங்களுக்கு ஆள் போட வேண்டும் என்ற பதற்றம் எந்த அறையிலும் இல்லை. கணக்கு டீச்சருக்கு வசதியாயிற்று, அனுமதி கேட்கக்கூட ஆள் இல்லை.

அந்த மூன்று அரைநாளிலாவது அவர்கள் தொழிலைச் செய்ய விடுகிறார்களா? பி.டி. சாருக்குக் காலையில் பிரேயர், பிறகு வாசலில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிப்பது, முடி வளர்த்த பையனைத் தேடிப் பிடிப்பது, சட்டையை உள்ளே விடச் சொல்வது. இருபத்திரண்டு பேர் ஆட வேண்டிய பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு ஸ்டோர் ரூமில், சாவி எழுத்தரிடம், எழுத்தர் லீவு. ஓவிய ஆசிரியருக்கு வரவேற்புப் பலகை, தேர்ச்சிப் பட்டியல் சார்ட், மதிப்பெண் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடும் வேலை. பாட்டு டீச்சர் தமிழ்த்தாய் வாழ்த்தோடு அன்றைய இசைப்பணியை முடித்துக்கொள்வார். தையல் டீச்சர் விழாவுக்கு ரிப்பன் வெட்டித் தருவார். தன் உடம்பை எப்படி வீசுவது, ஒரு கோட்டை எப்படி இழுப்பது, ஒரு சுருதியில் எப்படி நிற்பது என்று ஒரு குழந்தைக்குச் சொல்லித்தரத் தெரிந்த நாலு பேரை வைத்து நாம் ஒரு பந்தல் காண்ட்ராக்ட் நடத்துகிறோம்.

இதில் பாரதியாரை வேறு இழுத்துவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறை வருடாவருடம் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறது. ஒரு கவிஞர் பேரில் விளையாட்டு! கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த மனுஷன் பாப்பாவுக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். எழுந்ததும் படிப்பு, அடுத்து பாட்டு, சாயங்காலம் பூரா ஆட்டம். மூன்றில் நாம் முதலாவதை எடுத்துக்கொண்டு, அதைச் சாயங்காலத்துக்கும் நீட்டிவிட்டோம். ஐந்தரை மணிக்கு டியூஷன், ஏழு மணிக்கு இன்னொரு டியூஷன், ஒன்பது மணிக்குத் தயிர் சாதம். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசியது. பேசி முடித்துவிட்டு அங்கே இடம் வாங்க எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் தேடியதும் அதே ஊர்தான்.

பள்ளியில் பிடுங்கியதைப் பெற்றோர் விலை கொடுத்து வெளியே வாங்குகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் திங்கள் செஸ், செவ்வாய் கீபோர்டு, புதன் கராத்தே, வியாழன் பரதம், சனி அபாகஸ். ஒரு அப்பா சேர்க்க வருகிறார்.

“மாஸ்டர், எத்தன மாசத்துல யெல்லோ பெல்ட்?”

“மூணு மாசம் சார். எக்ஸாம் ஃபீஸ் தனி.”

“சர்டிபிகேட்ல கவர்ன்மென்ட் சீல் இருக்குமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் செல்லுமா?”

பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அப்பாவிடமிருந்தும் வரவில்லை, மாஸ்டரிடமிருந்தும் வரவில்லை. பிள்ளை அந்நேரம் மெத்தை விரிப்பில் சாய்ந்து காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே ஆறு வயதுப் பையன் ஒரு மெடலோடுதான் வீட்டுக்கு வர வேண்டும். கலந்துகொண்ட எல்லாருக்கும் மெடல் தரும் போட்டிகள் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கின்றன. தோற்பது எப்படி என்று கற்றுத்தருவது விளையாட்டின் பெரிய கொடை. அதைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். பிடிக்கிறவரை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பது கலையின் கொடை. அதற்கு மூன்று மாதத்தில் ஒரு கிரேடு எக்ஸாம் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு வியாபாரம் இருக்கிறது. எழுதும்போதே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பதிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்: ஆணிப் பலகை மேல் நின்று மணிக்கணக்கில் சிலம்பம் சுற்றிய சிறுமி, பானை மேல் நின்று பரதம் ஆடிய சிறுவன், உலக சாதனை! எந்த உலகம்? கட்டணம் கட்டினால் பதிவு செய்துகொள்ளும் ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் உலகம். சிலம்பம் என்பது எதிரே ஒருவன் இருக்கும்போதுதான் சிலம்பம். கண் அவன் கண்ணில் இருக்க வேண்டும், கால் வரிசை தரையோடு பேச வேண்டும். எதிராளியை எடுத்துவிட்டு ஆணியை வைத்தார்கள். விளையாட்டும் போயிற்று, அடவின் அழகும் போயிற்று. மிஞ்சியது ஒரு குழந்தையின் வலி, ஒரு நிறுத்துக் கடிகாரம், சால்வையோடு வார்டு கவுன்சிலர். அந்தப் பாதத்தைப் பிறகு எந்தச் சாதனைப் புத்தகமும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய குழந்தைகள் நலத் துறையின் அதிகாரிதான் சில சமயம் சிறப்பு விருந்தினர்.

பெரிய அளவில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொச்சி இருக்கிறது. 2024 டிசம்பர் 29 அன்று கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில், கால்பந்து ஆடும் புல்தரையில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிறுத்தி ஒரே நேரத்தில் பரதநாட்டியம் ஆடவைத்தார்கள். கின்னஸ் சாதனைக்காக. ஆடியவர்களிடமே காசு வாங்கிக்கொண்டு ஆடவைத்தார்கள். பதினோராயிரம் பேர் ஆடினால் அபிநயத்தை யார் பார்ப்பது? ஹெலிகாப்டர் பார்க்கும், ட்ரோன் பார்க்கும், எண்ணுவதற்கு வந்த கின்னஸ்காரர் பார்ப்பார். முக்கியஸ்தர்களுக்காகக் கேலரியில் அவசரமாகக் கட்டிய மேடையிலிருந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் கீழே விழுந்து படுகாயம் அடைந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனார்கள், ஆட்டம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? எண்ணிக்கை குறைந்துவிடுமே. கலையை ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது ஸ்கோர்போர்டை மட்டும். அடிபட்ட ஆட்டக்காரர் விழுந்தால் நடுவர் விசிலடித்து ஆட்டத்தை நிறுத்துவாரே, அந்த நாகரிகத்தை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

தொலைக்காட்சி இந்தப் பண்டமாற்றை எப்போதோ முடித்துவிட்டது. பாட்டுப் போட்டியில் எலிமினேஷன், வைல்டு கார்டு, செமிஃபைனல். பத்து வயதுப் பிள்ளை அழும்போது குளோசப். கிரிக்கெட்டில் வயலின் பின்னணி, ஸ்லோமோஷன், கேப்டனின் கண்ணில் ஒரு துளி. ராகம் ஆடுகளத்துக்குப் போனது, மட்டை சினிமாவுக்குப் போனது, நாம் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

உலகத்தில் வேறு யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் முதல் 1948 லண்டன் வரை ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலை ஐந்துக்கும் பதக்கம் கொடுத்தார்கள். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் த கூபர்த்தேன் முதல் போட்டியில் புனைபெயரில் ஒரு கவிதை அனுப்பினார். இலக்கியத் தங்கம் அதற்கே கிடைத்தது. தானே அமைத்த போட்டியில் தானே பரிசு வாங்குவது நம் தமிழ் அமைப்புகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கவிஞர் யேட்ஸின் தம்பி ஜாக் யேட்ஸ் 1924-ல் நீச்சல் பந்தயத்தை வரைந்து வெள்ளி வாங்கினார்; சுதந்திர அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். பிறகு ஏன் நிறுத்தினார்கள்? கலைஞர்கள் தொழில்முறையில் சம்பாதிக்கிறார்கள், ஒலிம்பிக் அமெச்சூர்களுக்கானது என்றார்கள். விளையாட்டு வீரர்கள் கோடிகளில் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்த விதியை மட்டும் சத்தமில்லாமல் தளர்த்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தர்மசங்கடம் வந்ததில்லை. எங்கள் ஓவிய ஆசிரியர் மே மாதத்தில் அப்பழுக்கில்லாத அமெச்சூராகவே இருந்தவர்.

சென்னைக்குத் திரும்புவோம். 2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். வேட்டி சட்டையில் கைகூப்பிய குதிரை, பெயர் தம்பி. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. நாலு மாதத்தில் அவ்வளவு பெரிய போட்டியை நடத்திக்காட்டியது சாதாரணக் காரியம் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மாதத்தில் ஒரு பாலத்தையே வரைந்து முடிக்கத் தெரிந்த அரசுக்குப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஓவிய ஆசிரியரை நிரந்தரமாக்கத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? பாலம் புகைப்படத்தில் விழும். ஆசிரியர் விழ மாட்டார். சதுரங்கத்தில் அரசுக்கு இன்னொரு சௌகரியம், அது திடல் கேட்காது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றதும் அஞ்சு கோடி கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். அந்தப் பையனோடு ஊர் ஊராக அலைவதற்காக டாக்டரான அப்பா தன் தொழிலையே விட்டிருந்தார் என்பதும் அதே செய்தியில்தான் வந்தது. தொழிலை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருக்கும் அப்பாக்களின் பிள்ளைகளில் எத்தனை குகேஷ்கள் என்று எண்ணுவதற்கு எந்தத் துறையிலும் பதிவேடு இல்லை.

அப்படிப்பட்ட அப்பாக்களும் அம்மாக்களும் இருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பெயர் கண்ணகி நகர். கூவம் கரையிலும் நகரத்தின் மையத்திலும் குடிசை போட்டு இருந்தவர்களை 2000 முதல் அள்ளிக்கொண்டுபோய் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், துரைப்பாக்கத்தில் இறக்கினார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஒருபுறம், வீடு ஒருபுறம். விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி எழுதும் இளைஞர்கள் அங்கே உண்டு. 2020-ல் இந்த இடத்தின் மேல் கலைக்குப் பிரியம் வந்தது. அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள். சித்திரங்கள் நன்றாகவே இருந்தன. தீட்டிய ஓவியர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கார் போட்டுக்கொண்டு வந்து, சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்காமல் திரும்பிப் போனவர்கள் மேல் இருக்கிறது. மனிதர்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு அவர்கள் வீட்டு வெளிச்சுவரை மட்டும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக்குவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து, 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. அதே மாதத்தில் கபடியைப் பற்றிய மாரி செல்வராஜின் ‘பைசன்’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. அடேயப்பா! கலை திரையில், விளையாட்டு செய்தியில், இரண்டுக்கும் நடுவே கட்சிக்காரர்கள். யார் முதலில் போய்ச் சால்வை போடுவது என்று ஒரு தனிக் கபடி. பத்து வருடமாக அந்தப் பக்கமே போகாத கரைவேட்டிகளுக்கெல்லாம் திடீரென்று வழி தெரிந்தது. அந்தப் பெண் தன் ஊர் பேரை மைக்கில் தலை நிமிர்ந்து சொன்னாள். முகவரியை மறைத்து எழுதச் சொன்ன நகரம் அதற்குக் கைதட்டியது, வெட்கமே இல்லாமல்.

கார்த்திகாவும் அவளோடு ஆடும் கண்ணகி நகர்ப் பெண்களும் யாருடைய பீரியடையும் கடன் வாங்காமல், யாருடைய ஒதுக்கீட்டுக்கும் காத்திராமல், இருக்கிற கொஞ்ச இடத்தில் தினமும் ஆடியவர்கள். அன்றாட வாழ்க்கையில் கலையும் விளையாட்டும் இன்னும் உயிரோடு இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான். வியாசர்பாடியில் சாயங்காலம் பந்து உதைத்த பையன் ராத்திரி சாவு வீட்டில் கானா பாடுவான். கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற நாலு பேரில் ஒருவன் பாட்டுக் கட்டுவான். அவனுக்கு இவை இரண்டு துறை என்று யாரும் சொல்லவில்லை. அவன் தெருமுனையில் நின்றால் போலீஸ் கேஸ் போடும். அவனுடைய கானாவை நகல் எடுத்து சினிமாவில் போட்டால் ஐ.டி. கம்பெனி ஆண்டுவிழாவில் அதற்கு ஆடுவார்கள். மறுநாள் இடுப்பு வலி என்று பிசியோதெரபிக்குப் போவார்கள்.

வீட்டுக்குள்ளும் பார்த்துவிடலாம். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியாயிற்று. குனிந்து கோலம் போட்ட இடுப்புக்கு ஜும்பா வகுப்பில் பணம் கட்டியாயிற்று. வீட்டு ஆண் பரம்பரையாகவே குனிந்ததில்லை. அவருக்கு ஜிம் உறுப்பினர் அட்டை இருக்கிறது, ஜனவரி முதல் வாரத்தில் போனார். டி.வி. முன்னால் உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பந்துவீச்சாளன் லைனைத் தவறவிட்டதும், “இவனெல்லாம் எதுக்குடா ஆடறான்” என்று கத்துகிறார். பக்கத்து அறையில் அவர் மகன் அல்ஜீப்ரா டியூஷனில் இருக்கிறான். சுவரில் மகள் கிறுக்கிய யானையை அழித்துவிட்டு, அதே இடத்தில் ஆன்லைனில் வாங்கிய யானைப் படத்தை மாட்டியிருக்கிறார். பிரேமோடு.

அரசு மட்டும் சும்மா இருக்கிறதா? 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. நல்ல திட்டம். வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல பட்டம். பாட்டு டீச்சரே இல்லாத பள்ளியிலிருந்து வில்லுப்பாட்டுக் குழு வர வேண்டும் என்று சுற்றறிக்கை வரும், நல்ல சுற்றறிக்கை. யூடியூப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், அல்லது தமிழய்யா தன் காசில் யாரையாவது கூட்டிவருவார். விழாவுக்காகத் திடலில் பந்தல் போடுவார்கள். பந்தல்காரர் தோண்டிய குழிகளை யாரும் மூட மாட்டார்கள். அடுத்த வாரம் மண்டல அளவிலான ஓட்டப் பந்தயம் அதே திடலில் நடக்கும், குழிகளைத் தாண்டி ஓடுகிற பிள்ளைக்குத் தடை ஓட்டத்திலும் சேர்த்துப் பரிசு கொடுக்கலாம்.

மேடையில் பேசுகிறவர், கல்வி எனும் தாய்க்குக் கலையும் விளையாட்டும் இரு கண்கள் என்பார். கைதட்டல் வரும். கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் பி.டி. சாருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிரமுகரின் கார் நிற்பது நீளம் தாண்டும் மணல் குழியின் மேல்.

மாண்புமிகு ஐயா, அடுத்து எங்கள் பள்ளித் திடலில் ஏதாவது திறந்துவைக்க வருவீர்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தேடுவார்கள். கவலை வேண்டாம், தையல் டீச்சரிடம் நல்ல கத்தரிக்கோல் இருக்கிறது, சொந்தக் காசில் சாணை பிடித்து வைத்திருக்கிறார். ஆனால் வாரத்தில் மூன்று அரைநாள்தான் வருவார். எந்த மூன்று என்று உங்கள் உதவியாளரை முன்னாலேயே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் மட்டும் தேதி கொடுத்துவிடாதீர்கள்.